மூடின கை

ஆஸ்பத்திரி ஆயா சொக்கம்மாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன், திருவொற்றியூர் பேக்டரியில் ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் புருஷனுக்குக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள். எழுதியதைக் கஞ்சிக் குண்டானுக்கு அடியில் செருகினாள்.

"கஞ்சியைச் சூடு பண்ணி உன் நைனாவுக்கு ஊட்டு. நின்னுகினு ஊட்டாதே. மூஞ்சிக்கு நேரா உக்காரு. ஒரு கேள்வி கேளு, பதில் வர்றவரைக்கும் பொறு.

நேத்து அவரு கையை மூடிக் காட்டினதும், குத்த வர்றாருன்னு தட்டைத் தள்ளிட்டு என் மேல பாஞ்சே. நீ போனப்புறம், அவரோட ஹார்பர்ல கிரேன் ஓட்டின தண்டபாணி மாமா பாக்க வந்தாரு. அந்த மூடின கையைப் பாத்ததும் சிரிச்சிட்டாரு. முப்பது வருஷம் கிரேனுக்குக் கை காட்டின மனுஷன் உன் நைனா. வாதத்துல வாய் போச்சு, கை இன்னும் அதே பேச்சுதான் பேசிக்கினு கீது. உள்ளங்கை மேலே பாத்தா தூக்கு, இன்னும் குடு. கீழே பாத்தா மெதுவா. மூடினா நிறுத்து. வயிறு ரொம்பிடுச்சுன்னுதான் சொல்லிக்கீறாரு."

வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"நீ கத்தினப்போ நானும் கையை மூடிக்கினுதான் நின்னேன். நீ பாக்கல."