புத்தர் முன்னால் ஒரு தூக்கம்

என் வீட்டு மகாராணிக்கு,

இங்கே நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

லீவு நாளில் எங்கேயாவது போய் வா என்று நச்சரித்தாயே, போனேன். எனக்கும் நைட் ஷிப்ட்காரருக்கும் ஒரே கட்டில். பகலில் அது அவருடையது. அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தர் கோயிலுக்குப் போனேன். வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது, உள்ளே அப்படியோர் அமைதி. சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால், என்னை ஏதோ பெரிய ஞானி என்று நினைத்து நாலைந்து பேர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்!

வயசான பிக்கு ஒருவர், "இப்படி அசையாம உட்கார எங்க பழகினீங்க?" என்று கேட்டார்.

"குடோன்ல நாள் பூரா பெட்டி தூக்கினா தானா வரும் சாமி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தூணோரம் பாயை விரித்து, "படுத்துக்கோங்க" என்றார். நன்றாகத் தூங்கினேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பு, கட்டிலில் விரிக்க. துவைக்காதே.

நைட் ஷிப்ட்காரர் எழுந்துவிட்டார். மெத்தையில் இன்னும் அவர் சூடு இருக்கும். பரவாயில்லை, படுக்கப் போகிறேன்.

உன் தூங்குமூஞ்சி