ஒரு பிடி ஏரிக்கரை மண்

மாப்ள,

கதவில் எழுதிய கறுப்பு மை இன்னும் காயவில்லை. அந்த நெடிதான் என்னை உன்னிடம் கொண்டுவந்து விட்டது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

காலையில் கணக்கெடுக்கிற டீச்சர் வந்தாள். என் கதவில் ஒரு நம்பரை எழுதினாள். அடுத்து, பூட்டிக் கிடக்கிற உன் கதவிலும் எழுதினாள்.

“அந்த வூட்ல ஆளே இல்லியேம்மா, எதுக்கு நம்பரு?” என்றேன்.

“இப்ப வீட்டுக்குத்தான் தாத்தா நம்பர். ஆளுங்கள எண்ண அப்புறம் வருவோம்.”

எப்போது வந்தாலும் அங்கே எண்ண யார் இருக்கிறார்கள்? உன் மகன் திருப்பூரிலேயே தங்கிவிட்டான்.

பல வருசத்துக்கு முந்தின அந்த மாசி வெயில் நினைவிருக்கிறதா? வாத்தியார் ஒருத்தர் ஆள் கணக்கெடுக்க வந்தார். தெருவைக் காட்டக் கூடப் போனவன் நீ, வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தவன் நான். அப்போது ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. உன் பெண்சாதி, என் தங்கச்சி, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஓடைக் கிணற்றிலிருந்து சுமந்து வருவாள். தண்ணீர்த்தொட்டி கேட்டுப் போகும்போதெல்லாம் ஆபீசில் ஒரே பதில்தான்: “உங்க ஊருக்கு ஆள்தொகை பத்தாதுப்பா.” அந்தச் சொல் உனக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

வாத்தியார் ஒரு வீட்டில், “எத்தனை பேரு?” என்றார். “ஆறு” என்றாய் நீ.

“நாலு பேருதானே தெரியுது?”

“ரெண்டு பயலுவ திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கானுங்க சார்.”

“அங்க இருக்கறவன இங்க எழுதலாமா?”

“மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி இங்கதான சார் குடுக்கறான்? வரி குடுத்தா ஊர்ல இருக்கற ஆளுதான்.”

நீ ஏமாற்றவில்லை. நம் ஊரில் ஆளை எண்ணுவதே அப்படித்தான். எங்கே பிழைத்தாலும் அம்மனுக்கு வரி கொடுக்கிற வரைக்கும் அவன் உள்ளூர்க்காரன். அதே கணக்கைத்தான் அரசாங்கத்துக்கும் சொன்னாய். தங்கச்சி மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “செத்துப்போன உங்க அப்பாரையும் எழுதச் சொல்லுங்க. அவரும் ஒரு வருச வரி பாக்கி வச்சிட்டுத்தான் போனாரு.” வாத்தியாரே சிரித்துவிட்டார்.

கொஞ்ச வருசத்தில் தொட்டி வந்தது, குழாயும் வந்தது. தங்கச்சி வாசலில் குழாயைத் திறந்து, கை நனைய நனைய நின்றாள். அந்தத் தண்ணீரை அவள் ரொம்ப நாள் குடிக்கவில்லை. ஏரிக்கரையில், வேலிக்கருவை ஓரம் புதைத்தோம். நம் வழக்கப்படி ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டோம். எல்லோரும் போனபிறகு, அவள் பக்கத்தில் நீ ஒரு கல்லை நட்டாய். “இது என் எடம் மச்சான். வேற எவனையும் விட்றாத.”

அப்புறம் டவுன் வந்தது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் சிமெண்ட் லாரி ஓட ஓட, சோளக்கொல்லையெல்லாம் பிளாட்டானது. ஆள்தொகை கூடிவிட்டது, அதனால் இந்த ஊர் இனி டவுனோடு சேர்ந்தது என்றார்கள். அடுத்ததாக, ஏரிக்கரையில் இனிமேல் பிணம் புதைக்கக்கூடாது, எரிக்க டவுனில் கேஸ் அடுப்பு இருக்கிறது என்றார்கள். கரையில் கம்பிவேலி போட்டார்கள்.

அன்றைக்கு நீ சோறு தின்னவில்லை. “இல்லாத ஆளையெல்லாம் ஊர்ல இருக்கான்னு நான் எழுத வச்சேன். இப்ப இருக்கற எனக்கு எடம் இல்லாம போச்சே மச்சான்” என்றாய்.

உன் வாயால் சேர்ந்த நாலு பேரை வைத்தா ஒரு டவுன் வளரும்? சுற்றிலும் எத்தனை பிளாட்டு, எங்கெங்கிருந்தோ வந்த ஆளுகள். “போடா பைத்தியக்காரா” என்று எத்தனையோ தடவை சொன்னேன். நீ நம்பவில்லை. காகிதத்தில் ஆள் பெருகிக்கொண்டே போனது. நம் தெருவில் மட்டும் பூட்டு பெருகியது. சாகிற வரைக்கும் அந்தப் பழியை நீயே தூக்கிக்கொண்டு திரிந்தாய்.

போன ஐப்பசி மழையில் நீ போனாய். விடிந்ததும் நான் கம்பிவேலிக்குள் குனிந்து நுழைந்து, தங்கச்சி தலைமாட்டிலிருந்து ஒரு பிடி ஈரமண் எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டேன். அவள் பக்கத்தில் உன்னை வைக்க முடியாவிட்டாலும், அவள் மண்ணையாவது உன்மேல் போடலாம் என்று நினைத்தேன். திரும்பி வந்தால் வாசலில் வேன் நின்றது.

கேஸ் அடுப்புக்குக் கொண்டுபோய், அங்கே உன்னை ஒரு இரும்புத் தட்டில் படுக்க வைத்தார்கள். நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். அங்கே வேலை பார்க்கிறவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன்தான், மெதுவாகத்தான் சொன்னான்: “பெரியவரே, மண்ணெல்லாம் உள்ள போடக்கூடாதுங்க. மெசின் கெட்டுப்போயிடும்.”

கதவு மூடிக்கொண்டது. சாம்பலை உன் மகன் அப்படியே கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் கரைத்துவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறினான். அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு லீவு இல்லை.

தங்கச்சிக்குப் போட வேண்டிய மண்ணை அவளைப் புதைத்த அன்றைக்கே போட்டுவிட்டேன். துண்டு முடிச்சில் இருக்கிற இது உன்னுடையது. மருமகள் துண்டைத் துவைக்கக் கேட்கிறாள், நான் கொடுப்பதில்லை. இதை எழுதும்போதுதான் அவளுக்கே காரணம் தெரிகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு என் தோளையே பார்க்கிறாள்.

ஆளை எண்ண மறுபடி வருவார்கள். உன் வீட்டில் யாருமில்லை என்று அவர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். மண் காய்ந்து பொடியாகிவிட்டது மாப்ள. எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை.