பதிமூன்றாவது சுற்று

10 ஆகஸ்ட் 2003, ஞாயிறு

ரேடியோ இன்று வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

உசிலம்பட்டியில் டி.வி. பழுது பார்க்கும் மைத்துனன் காசி மதியம் சாப்பிட வந்தான். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வதை வானலையில் அனுப்புவதற்காக, உதிரிப் பாகங்களாக வரவழைத்து நான் கோத்த கிட் ரேடியோ எட்டு மாதமாக ஊமையாகக் கிடந்தது. அதைத் திருப்பி, உள்ளே கம்பி சுற்றியிருந்த சிறு வளையத்தைப் பார்த்தான்.

“இந்த வளையத்துல எம்புட்டு சுத்து, மச்சான்?”

“பன்னிரண்டு. கிட் புத்தகத்தில் போட்டபடி.”

“பதிமூணுல்ல இருக்கு. கம்பி உள்ள ஒரு தடவை நுழைஞ்சாலே அது ஒரு சுத்து. நீங்க அத விட்டுட்டு எண்ணிருக்கீங்க.”

அடுப்படியிலிருந்து அவன் அக்கா சிரித்தாள். “காலேஜ்ல இருவது வருசம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவருடா அவரு!”

இந்த வளையத்துக்காகத்தான் எங்கள் ரேடியோ ஆர்வலர் சங்கத்து வில்லாபுரம் செல்வராஜைத் திருடன் என்றேன். இருவரும் சேர்ந்து வரவழைத்த கிட்கள். நல்லதை எடுத்துக்கொண்டு பழுதானதை என் தலையில் கட்டினார் என்று சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். ஒரு முறை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

காசி ஒரு சுற்றைக் கழற்றிவிட்டுப் பற்றவைத்தான். கம்ப்யூட்டர் திரையில், யாரோ அனுப்புவதைக் காட்டும் மஞ்சள் கோடு ஒன்று இறங்கியது. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. யாராவது கேட்கிறீர்களா, இது செல்வராஜ், மதுரை.

“யாரோ கூப்பிடுறாக மச்சான், பதில் அடிங்க.”

அனுப்பும் பகுதி இன்னும் முடியவில்லை என்றேன். மூன்று முறை கூப்பிட்டுவிட்டுக் கோடு நின்றது.

அந்தப் பகுதியை மாசியிலேயே முடித்துவிட்டேன்.