எஞ்சின் ஆறும்வரை

என் சுதா அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாமலே நம் வீட்டுக்கு ஒரு கார் வாங்கிவிட்டோம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

சுதாவுக்கு இது எட்டாம் மாதம். பேறுகாலத்துக்கு ஏரலுக்கு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி தூத்துக்குடியில். வாடகைக் காரை நம்பி இவளையும் கூட்டிப்போக எனக்குத் தைரியமில்லை. உங்களை ஏற்றிப்போன கார் பழையகாயல் தாண்டி, உப்பளத்துக்கு நடுவில் நின்றுபோனதே! டிரைவர் சாவியைத் திருகத் திருக, எஞ்சின் இழுத்து இழுத்து அடங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் மடியில் கிடந்த உங்களுக்கும் அது கேட்டதா?

புதுசு வாங்க வசதியில்லை. பள்ளத்தில் அடிதட்டாத, கொஞ்சம் உயரமான சின்னக் காராகப் பழசில் தேடினோம். தூத்துக்குடியில் தரகர் ஒருவர் சிவப்புக் கார் ஒன்றைக் காட்டினார். பானட்டில் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருமுன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். சூட்டோடு இருந்தால் எந்த ஓட்டை வண்டியும் கிளம்பிவிடுமே. ஆறட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, வண்டி பாக்க வந்தியளா, பந்திக்கு வந்தியளா?" என்றார் தரகர்.

"எம்மா, கலரு எவ்வளவு நல்லாருக்கு! இதையே எடுப்போம்" என்றாள் சுதா.

"ஏளா, கலரா ஒன்னய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவும்?"

ஆறிய பிறகு தரகர் சாவியைத் திருகினார். அதே சத்தம். இழுத்து இழுத்து அடங்கியது. சுதா என் முகத்தைப் பார்த்தாள். "வாம்மா, போவோம்" என்று அவளே கையைப் பிடித்து என்னை எழுப்பினாள்.

அடுத்த வாரம் சாகுபுரத்தில் ஒரு டீச்சரின் கார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிந்ததும் போய்ப் பார்த்தோம். கதவில் கீறல், சீட்டெல்லாம் வெளுத்திருந்தது. டீச்சர் சாவியைத் திருகினார். ஒரே திருகுதான், கிளம்பிவிட்டது.

கூட வந்திருந்த மாப்பிள்ளை சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நமக்கு இவ்வளவுதானே வேண்டியிருந்தது?

டீச்சர் பயந்துபோனார். "ஏன்க்கா, புடிக்கலியா?"

"புடிச்சிருக்கும்மா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

நாங்கள் கூட்டிப்போன மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, உப்புக்காற்றுக்குத் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். பரவாயில்லை என்றார். வழியில் நிற்காது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பழைய வண்டிக்கு அப்படி யார் சொல்வார்கள்?

அதனால் தினமும் காலையில், எஞ்சின் ஆறிக்கிடக்கும்போதே, நானே சாவி போட்டுப் பார்க்கிறேன். மாப்பிள்ளை சொல்லித் தந்திருக்கிறார். நம் சுதா பிள்ளையோடு வீடு வந்து சேரும்வரை ஒரு நாளும் விடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
செல்வக்கனி