சாவு விழுந்த அன்று திறந்த தையல் கடை

2003 ஆகஸ்ட் 12, செவ்வாய்

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு வழிகாட்டச் சொல்லி எங்கள் வர்த்தகர் சங்கம் என்னிடம் ஒப்படைத்த பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ராஜேஸ்வரி, சங்கம் கொடுத்த தையல் மெஷினை இன்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

போன மாதம் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் சாவு விழுந்தபோது, கடையைப் பூட்டவா என்று கேட்டாள். பூட்டினால் வாடிக்கை போய்விடும் என்று நான்தான் அதட்டினேன்.

"நீங்க சொன்னீங்கன்னு தொறந்தேங்கய்யா. பொணம் கடை வாசல் வழியா போச்சு, நான் உள்ள தைச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் துணி கொண்டு வரல."

"நாலு நாள்ல மறந்துருவாங்க" என்றேன்.

"உங்க பஜார்ல மறப்பாங்க. இது தோட்டங்கய்யா."

தப்பு என்னுடையது என்று சொல்லாமல், மெஷின் திரும்பி வந்ததைச் சங்கப் பதிவேட்டில் எழுதினேன். அவள் போய்விட்டாள்.

என் மனைவி இறந்த மறுநாளே பதுளை பஜாரில் கடை திறந்தவன் நான். அன்று யாராவது என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால், இவளிடம் அப்படிச் சொல்லியிருப்பேனா?