நான்கு மாடி இறங்கிய வியாழக்கிழமைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றோடு உன் கடைசிப் பரீட்சை முடிந்தது, வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்திருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இன்று பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும். பதினான்கு மாதமாக அதைத்தானே போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கை வரவில்லை கண்ணு. கண்ணாடிக் கடையில் மதிய வேளையில் ஆள் வராது என்பதால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நம் இரண்டு அறை வீட்டில் நான் எங்கே நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். எங்கேயாவது உட்கார்ந்து படி, நடந்துகொண்டே படிக்காதே.

அப்பாவுக்கு வந்தது எலும்புக்குள் வரும் புற்றுநோய் என்பதும், முதுகெலும்பில் ஒன்று நொறுங்கிப்போனதும், வியாழக்கிழமை தவறாமல் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதும் உனக்குத் தெரியும். மருந்து கேட்கிறது, தேறி வருகிறார் என்று நான் சொன்னது முதல் ஐந்து மாதம் வரை உண்மை. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் பொய். "அவ மாட்டு டாக்டராகிட்டு வரட்டும். நடுவுல புத்தகத்த மூடிட்டு ஓடி வந்தான்னா நான் ஒரு ஊசியும் போட்டுக்க மாட்டேன்" என்று மிரட்டினார். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்பே சவரம் செய்து, சட்டை மாட்டி, கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைப்போம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, படத்தில் விழாதபடி குனிந்தே இருப்பாள். ஒருமுறை அவள் தும்மியபோது, யாருப்பா அது என்று நீ கேட்டாய், டிவி என்று சொன்னார். நீ சிரித்துவிட்டு வைத்ததும் அப்படியே சரிவார், இரண்டு மணி நேரம் பேச்சு இருக்காது. அவர் மூக்குக்கண்ணாடி ஏன் சரிந்து சரிந்து விழுகிறது, கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு அதைக்கூடப் பார்க்க மாட்டாயா என்று என்னை நீ கடிந்துகொண்டாயே, மூன்று தடவை காதுக் கம்பியை நெருக்கி வளைத்துக் கொடுத்துவிட்டேன். முகம் ஒவ்வொரு தடவையும் அதைவிடச் சின்னதாகிவிடுகிறது.

ஊசியைவிட எங்களைக் கொன்றது மாடிப்படிதான். நாலாவது மாடி. ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டிய மனுஷன் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று முப்பது வருஷமாகக் கட்டடத்தில் எல்லோரும் கேலி செய்ததுதான், அவரும் சேர்ந்து சிரிப்பார். முதுகெலும்பு போனபிறகு அந்தக் கேலி நின்றுபோனது. முதல் இரண்டு வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் ஆள் வந்து தூக்கினார்கள். மூன்றாவது வாரம் வண்டி வந்தது, தூக்க ஆள் வரவில்லை. இவர் ரோஷத்தோடு, நானே இறங்குகிறேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது மாடிக்குக் கீழே திருப்பத்தில் கால் மடங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலேயும் போக முடியவில்லை கீழேயும் இறங்க முடியவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருக்கிறார், நான் இரண்டு படி கீழே நின்று அவர் முழங்காலைத் தாங்கிக்கொண்டு அழவும் முடியாமல் நிற்கிறேன். அப்போதுதான் விடிகாலை வேலையை முடித்துவிட்டு வந்த இரண்டாவது மாடி பேக்கரிக்காரர், தன் வீட்டு வாசலிலிருந்து எங்களைப் பார்த்து மேலே ஏறி வந்தார்.

அவருக்கும் அப்பாவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லாதது உனக்கு நினைவிருக்கும். அப்பா குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்துகொண்டு தண்ணீர் மோட்டார் அறைச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிற அந்த மனிதர் குளிக்கத் தண்ணீர் இல்லையே, மோட்டார் போடுங்கள் என்று கேட்டார். ஐந்து மணிக்கு முன்னால் போட்டால் சத்தத்தில் மற்றவர்கள் தூக்கம் கெடும், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று இவர் மறுத்தார். அவர் ஒருநாள் பூட்டை உடைத்தார். இவர் கூட்டத்தில் நிற்க வைத்துப் பேசினார். அன்றோடு படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார். அந்த மனிதர்தான் அன்று மாவு ஒட்டிய கையோடு எங்கள் முன்னால் நின்றார். பையைக் கீழே வைத்தார், அப்பாவுக்கு ஒரு படி கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்து, "தோள்ல கையப் போடுங்க சார்" என்றார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடியே இரண்டு கையையும் அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு உன் அப்பா அவரிடம் பேசிய முதல் வார்த்தை, "சுவத்துல இடிக்காமப் பாத்து இறக்கு" என்பதுதான்.

முதுகில் சுமந்தால் எலும்புக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் திட்டினார்கள். அதனால் அடுத்த வாரத்துக்குள் தையல்காரம்மா தன் கடையிலிருந்து கைப்பிடி வைத்த மரநாற்காலியைக் கொண்டுவந்தாள். கெட்டித் துணியில் பஞ்சு வைத்து மார்புக்கும் இடுப்புக்கும் பட்டை தைத்து அதில் கோர்த்தாள். பேக்கரிக்காரர் அடுப்படியில் தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். மூன்றாவது மாடி டிரைவிங் ஸ்கூல்காரர் நாலாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார். அவரே தன் காரில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவார். ஆள் ஏற்பாடானதும் அப்பாவுக்கு அதிகாரம் திரும்பி வந்துவிட்டது. யார் எந்தப் பக்கம், எத்தனை படிக்கு ஒருமுறை நிறுத்துவது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடுவார். மாடி வந்ததும் லிஃப்டில் வருகிற மாதிரி, "மூணு... கதவு திறக்குது, வழி விடுங்க" என்று அவரே சொல்வார். தூக்குகிறவர்கள் சிரித்துச் சிரித்துக் கை நழுவப் போகிறது என்று நான் பின்னாலிருந்து கத்துவேன். ஒருநாள் டிரைவிங் ஸ்கூல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், நான் பிரேக் இல்லாத வண்டியே ஓட்டுனதில்ல, என்னைய முன்னாடி நிறுத்திட்டீங்களே" என்றார். அதற்கு அப்பா, லைசென்ஸைக் காட்டு என்றார். அப்படியும் நாட்கள் இருந்தன கண்ணு, எல்லா நாளும் அழுகையாக இருக்கவில்லை. என் கடை முதலாளியம்மாகூட ஒரு வார்த்தை கேட்காமல் வியாழக்கிழமையை எனக்கு விடுமுறையாக மாற்றிக்கொடுத்தாள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். ஆறாவது மாதத்தில் முதல் மருந்து கேட்காமல் போனது. இரண்டாவது மருந்து மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது ஒன்று இருக்கிறது, கடுமையானது, பலன் நிச்சயமில்லை, வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார் டாக்டர். அப்பா அன்றைக்கே, "போதும்டி, விட்டுடு" என்று என்னிடம் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. உன் பெயரைச் சொன்னேன். பட்டம் வாங்கிக்கொண்டு அவள் வரும்போது நீங்கள் வாசலில் இருக்க வேண்டாமா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். உன் பெயரைச் சொன்னதும் சரி என்றுவிட்டார். அந்த மருந்தில் வாயெல்லாம் புண்ணாகி, பத்து வாரம் தண்ணீர்கூட எரிச்சலில்லாமல் விழுங்க முடியாமல் கிடந்தார். ஒருநாள் பாலை ஊட்டும்போது துப்பிவிட்டார். நாள் முழுக்க நின்ற அலுப்பில் நான் டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்துவிட்டு, "எனக்கு மட்டும் உடம்பு இரும்பா" என்று கத்திவிட்டேன். அவர் புண் வாயால், "கோவிச்சுக்காத, குடிக்கிறேன் குடு" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பிறகு கீழே போய்த் தையல்காரம்மாவின் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு மேலே போய் மிச்சப் பாலை ஊட்டிவிட்டு வந்தாள். அந்தப் பத்து வாரத்தை நான் அவருக்குக் கொடுத்தேனா, அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேனா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உன்னிடம் கேட்கிறேன் என்று நினைக்காதே, இதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன் வியாழக்கிழமை புதிதாக வந்த பெண் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. இனிமேல் ஊசி உதவாது, சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது, அதை வீட்டிலேயே செய்யலாம் என்றாள். எத்தனை நாள் என்று அப்பா நேராகவே கேட்டார். வாரக் கணக்குதான், சரியாகச் சொல்ல முடியாது என்றாள், சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அப்பா அவளுக்கு நன்றி சொன்னார். வெளியே வரும்போது திரும்பி, "உங்க லிஃப்ட் மூணாவது மாடியில உதறுதும்மா, நோயாளிங்க போறது வர்றது, யாரையாவது விட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். கார் கிளம்பியது. டிரைவிங் ஸ்கூல்காரருக்கு விஷயம் தெரியாது, எங்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை மட்டும் நிறுத்தினார்.

யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வழக்கம்போல நாலு பேரும் நாற்காலியோடு வாசலில் வந்து நின்றார்கள். கதவைத் திறந்து, இனிமேல் வேண்டாம் என்றேன். தேதியை மாற்றிவிட்டார்களா அக்கா என்று டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்டார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பேக்கரிக்காரர் கையில் பட்டையைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார், அவர் தோள் குலுங்கியது. உள்ளேயிருந்து அப்பா, "வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சு என்ன பண்ற? தூக்கச் சொல்லு, கீழ போயிட்டு வரலாம்" என்றார். தூக்கினார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை, அவர் மட்டும் ஒவ்வொரு மாடியும் வரும்போது எண்ணைச் சொன்னார். கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வேன் போவதையும் மேல்தொட்டி நிரம்பி வழிவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து மோட்டார் அறைச் சாவியை அவிழ்த்து பேக்கரிக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும் சார், நான் கேட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் வேலையிலிருந்து வந்து, சாவியைக் கேட்பதற்காகவே தினமும் நாலு மாடி ஏறி வருகிறார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறுபடி ஏறி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அப்பா இப்போது பாதி நேரம் மயக்கத்தில்தான் இருக்கிறார். சாவி வருகிற நேரத்துக்கு மட்டும் விழித்துக்கொள்கிறார்.

இனி நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கவனமாகக் கேள். பட்டமளிப்பு விழா வரைக்கும் காத்திருக்காதே, பட்டம் தபாலில் வரும். கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறிவிடு. நேரத்தை டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அனுப்பு, அவர் வந்து நிற்பார். அழ வேண்டியதையெல்லாம் அவர் காரிலேயே அழுது தீர்த்துக்கொள், நானும் அங்கேதான் அழுவேன், அவர் ஒன்றும் கேட்க மாட்டார். அப்பாவைப் பார்த்ததும் பதறிவிடாதே, நீ வீடியோவில் பார்த்ததில் பாதிதான் இருக்கிறார், தலைமுடியும் இல்லை, அதை மறைக்கத்தான் வீடியோவில் தலையில் துண்டு கட்டிக்கொண்டார். கட்டிப்பிடிக்கும்போது முதுகில் கை வைக்காதே, கையைப் பிடித்துக்கொள், கையில் வலி இல்லை. என்மேல் கோபம் இருக்கும், இருக்க வேண்டியதுதான். அதை இங்கே வந்து எப்போது வேண்டுமானாலும் என்னிடம் கொட்டு, நான் எங்கேயும் போக மாட்டேன். நீ ஒரு குறையும் இல்லாமல், நல்ல மனசோடும் நல்ல உடம்போடும் நெடுநாள் வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும். விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிட்டுவிடு, வெறும் வயிற்றோடு வந்து நிற்காதே.

இந்தக் கடைசிப் பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். தூங்குகிறார் என்று நினைத்துக் கட்டில் ஓரத்திலேயே எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். கடைக் காகிதம், கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். பிறகு, "அவளுக்குத்தானே" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். "என்னால இனிமே சட்டை போட்டுக்கிட்டு உக்கார முடியாது. வரச் சொல்லு" என்றார்.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா