காலுக்குத் தெரியாத இறால்

பழவேற்காடு
12.8.1986

மகன் சின்னதம்பிக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்குக் கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கிறோம், அந்தமானில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க எல்லையம்மன் துணை. வியாழக்கிழமை பட்டணத்து ஆஸ்பத்திரியில் என் இடது காலில் இரண்டு விரலை எடுக்கிறார்கள், சர்க்கரை வியாதி. இது உன் கைக்கு வரும்போது எடுத்திருப்பார்கள். எனக்குப் பயமும் வரவில்லை அழுகையும் வரவில்லை, உன் அம்மாதான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறாள். ஆனால் உனக்கு நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

உள்ளங்காலில் சிப்பி ஓடு குத்தி மூன்று நாள் உள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, பாயில் சீழைப் பார்த்து உன் அம்மாதான் கத்தினாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களின் சின்ன ரத்தக் குழாய்களைப் புது மெஷினில் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள், அல்ட்ராசவுண்டாம். வழவழவென்று எதையோ தடவிப் பேனா மாதிரி ஒன்றைக் கணுக்காலில் வைத்ததும் என் ரத்தம் உஸ் உஸ்ஸென்று ஓடுவது கேட்டது, சின்ன டிவியில் அலை ஏறி இறங்கியது. விரலில் வைத்தார்கள், சத்தமே இல்லை, கோடு படுத்துக் கிடந்தது. டாக்டரம்மா ஊசியால் குத்தித் தெரியுதானு கேட்டார், எங்க குத்தினீங்கனு கேட்டேன். மரத்துப்போய் நாலு வருஷமாவது இருக்கும்னு சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரிச் சேற்றில் இறாலை மிதித்துக் கண்டுபிடிப்பது கால், எடுப்பதுதான் கை. நாலு வருஷமாக வெறும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கரையேறி, ஏரி செத்துப்போச்சுனு ஊரெல்லாம் சொன்னேன். என்னோடு ஏரியில் இறங்கும் சடையன் பறி நிறைய எடுத்து வந்தால், வேறு இடம் கண்டு மறைக்கிறான் என்று அவனோடு பேச்சையே விட்டேன். செங்கல் சூளை வேணாம், ஏரிக்கே வரேன் நைனானு நீ கேட்டபோது, அங்க இன்னா கீதுனு திட்டி அந்தச் சூளை வேலைக்கே உன்னைக் கப்பல் ஏற்றினேன். இறால் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

செருப்பில்லாமல் நடக்காதே, வாரம் ஒருதரம் உள்ளங்காலைத் திருப்பிப் பார், இந்தச் சர்க்கரை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருமாம். நேற்று சடையனிடம் போய் எல்லாம் சொன்னேன். என் காலைப் பார்த்துவிட்டு, பையனை வரச்சொல்லு, ஏரிக்கு நான் கூட்டிக்கினு போறேன்னு மட்டும் சொன்னான். நீ நல்லா இருக்கணும், கோபம் இருந்தால் அதையும் எழுது. வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொன்னதும் இதே வாய்தான்.

உன் நைனா
தசரதன்